சுபேதார் என்றொரு வாத்தியார்

போன தை மாதம் ஜபல்பூரில் நண்பர் ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். வெளிமாநிலத்தில் நம் தமிழ்க் குடும்பங்கள் நாலு ஒன்று கூடினால் பேச்சு எந்தத் தண்டவாளத்தில் ஓடும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. யார் பிள்ளைக்கு எந்தக் காலேஜ், யார் பெண்ணுக்கு எந்தக் கம்பெனி, யார் அமெரிக்காவில் வீடு வாங்கினார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகும் ஒரு பையனிடம், கேட்க வேறொன்றும் தோன்றாமல், "அடுத்தது என்னப்பா?" என்று கேட்டு வைத்தேன்.

"ஆர்மி, அங்கிள்" என்றான்.

"பேஷ்! என்.டி.ஏ. எழுதப் போறியா?"

"எழுதறேன் அங்கிள். அது கிடைக்கலேன்னா சிப்பாயாவே சேர்ந்துடுவேன்."

கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. பையனின் அம்மா முகம் சிவந்து, "சும்மா விளையாட்டுக்குச் சொல்றான்" என்றார். அவனுடைய பெரியப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "படிப்பு ஏறாதவன் போற இடம்டா அது. உனக்கென்ன தலையெழுத்தா?" என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டார்.

அதே கூடத்தின் ஓரத்தில், நாற்காலியில் முதுகு சாயாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். மெட்ராஸ் ரெஜிமெண்டில் 32 வருஷம் இருந்து, சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, இங்கே மகனோடு இருப்பவர். பெரியப்பா சொன்னது அவர் காதில் விழுந்தது. தாம்பூலப் பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரரிடம் முறையாக விடைபெற்று, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அவர் பேசவில்லை என்பதால்தான் நான் எழுதுகிறேன். "படிப்பு ஏறாதவன்" என்று நாம் ஒதுக்கும் அந்த மனிதர் வாழ்நாளில் பாதிக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவர். நம் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் இருக்கும் பல ஆசிரியர்களைவிட அதிகமாகக் கற்றவர், அதிகமாகக் கற்றுக்கொடுத்தவர். இது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஏழு படிகள்

முதலில் அந்த ஏணியைப் பற்றிச் சொல்லவேண்டும். நம்மில் பலர் ராணுவம் என்றால் லெப்டினன்டிலிருந்து ஜெனரல் வரை மட்டுமே அறிவோம். கீழே இன்னோர் ஏணி இருக்கிறது. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். ஏழு படிகள். இவற்றில் மேல் மூன்று படிகளில் இருப்பவர்களை ஜே.சி.ஓ. என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இவர்களுக்கு வைஸ்ராயின் கமிஷன் பெற்ற அதிகாரிகள் என்று பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்கள் ஆனார்கள். பழைய ஜமேதார் பதவிக்கு 1965-ல் நாயப் சுபேதார் என்று பெயர் மாற்றினார்கள்.

ஒரு பட்டாலியனுக்கு ஒரே ஒரு சுபேதார் மேஜர்தான். தோளில் அசோகச் சின்னம், அதன் கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த பட்டை. கர்னலாக இருந்தாலும் அவரை "சாஹிப்" என்றுதான் அழைப்பார். ஜவான்களின் மனசில் என்ன இருக்கிறது, எவன் வீட்டில் நிலத்தகராறு, எவனுக்குப் பெண் கல்யாணம், எவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதெல்லாம் கர்னலுக்கு அவர் வாயிலாகத்தான் தெரியவரும். அதிகாரிகள் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போவார்கள். சுபேதார் மேஜர் அதே பட்டாலியனில் மீசை முளைக்காத வயசில் வந்து, நரைத்த மீசையோடு வெளியே போகிறவர். பட்டாலியனின் ஞாபகசக்தி அவர்தான்.

கிரகப்பிரவேசத்துக்குப் பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய், அன்று நடந்ததற்கு நானாக ஒரு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க சார், எத்தனை கேட்டிருக்கோம்" என்று சிரித்தார். பிறகு அவர் ஏறிவந்த படிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னார்.

வெலிங்டனிலிருந்து

1979-ல், பதினெட்டு வயசில், நீலகிரியில் இருக்கும் வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிரே முதல் எதிரி. இரண்டாவது எதிரி ஹிந்தி. தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடக்காரன் எல்லோரும் ஒரே பாரக்கில். கட்டளை மட்டும் ஹிந்தியில். "முதல் வாரம் எவன் என்ன சொல்றான்னே தெரியாது சார். பக்கத்துல நிக்கிறவன் திரும்பினா நானும் திரும்புவேன்" என்றார். புடவைக் கடைக்காரனிடம் கை ஜாடை காட்டிக் குடித்தனம் தொடங்கிய நம் வீட்டுப் பெண்களுக்கு இது புரியும்.

அவருக்கு ஹிந்தி எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் எஜுகேஷன் கோரைச் சேர்ந்த ஒரு ஹவில்தார். ராணுவத்தில் படிப்புக்கென்றே தனிப் பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பிரிவின் பயிற்சிக் கல்லூரி நம் மத்தியப் பிரதேசத்தில், பச்மடியில் இருக்கிறது. நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவி பார்க்கப் போகிற அதே பச்மடிதான். பட்டதாரிகளை நேராக ஹவில்தாராகவே அந்தப் பிரிவில் எடுக்கிறார்கள். சிப்பாயின் கல்விச் சான்றிதழ், வரைபடம் படிக்கும் பரீட்சை எல்லாம் இவர்கள் கையில்.

ஆம், பரீட்சைகள் உண்டு. வயசாகிவிட்டது என்பதற்காக யாரும் நாயக் ஆவதில்லை. ராணுவக் கல்விச் சான்றிதழ் மூன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என்று ஏறவேண்டும். வரைபடம் பார்த்து இடம் சொல்லவேண்டும். பதவி உயர்வுக்கென்று நடக்கும் பயிற்சியில் தேறவேண்டும். நம்மவர் பெல்காமில் இளம் தலைவர்களுக்கான பயிற்சிக்கும், மோவ் காலாட்படைப் பள்ளியில் ஆயுதப் பயிற்சிக்கும் அனுப்பப்பட்டார். மோவில் வாங்கிய நல்ல கிரேடுதான் அவர் தலையெழுத்தை மாற்றியது. நல்ல கிரேடு வாங்கியவனைப் பட்டாலியன் சும்மா விடாது. கற்றுக்கொண்டதைக் கற்றுக்கொடு என்று அனுப்பிவிடும்.

அப்படி 1991-ல், ஹவில்தாராக, வெலிங்டனுக்கே திரும்பி வந்தார், இந்தத் தடவை பயிற்றுநராக. "அதே பாரக் சார். அதே குளிர். எதிரே நாப்பது பசங்க, ஹிந்தி தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்கள்ல என்னைப் பாத்தேன்." பிறகு 1998-ல் நாயப் சுபேதார். சில வருஷம் கழித்து டேராடூனில் இந்திய ராணுவ அகாதமியில் அதிகாரிகளாகப் போகிறவர்களுக்குப் பயிற்சி. 2008-ல் சுபேதார் மேஜர். 2011-ல் ஓய்வு.

டேராடூன் விஷயத்தைச் சற்று நின்று யோசிக்கவேண்டும். அங்கே வருகிற பிள்ளைகள் பட்டதாரிகள், இங்கிலீஷ் மீடியம் படித்தவர்கள். அவர்களை வெயிலில் நிறுத்தி, காலை எங்கே வைப்பது, ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பவர்களில் பலர் சிப்பாயாகச் சேர்ந்து மேலே வந்தவர்கள். பயிற்சி முடிந்து அந்தப் பிள்ளையின் தோளில் நட்சத்திரம் ஏறியதும், நேற்றுவரை அவனை விரட்டிய சுபேதார் விறைப்பாக நின்று அவனுக்குச் சல்யூட் அடிப்பார். தன் மாணவன் தனக்கு மேலே போகவேண்டும் என்பதையே வேலையாக வைத்திருக்கும் வாத்தியார்! நாம் குரு என்றும் ஆச்சாரியன் என்றும் மேடையில் பேசுகிறோமே, அதற்கு இதைவிட வேறு உதாரணம் தேடவேண்டுமா?

கற்பிக்கும் முறை

இவர்கள் எப்படிக் கற்பிப்பார்கள் என்பதை நான் நேரில் அனுபவித்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்கென்று பிராந்திய ராணுவப் பிரிவுகள் இருந்தன. விருப்பமுள்ளவர்கள் சேரலாம். போர், வேலைநிறுத்தம், இயற்கைச் சீற்றம் என்று வந்தால் வண்டி ஓட்டவேண்டிய பொறுப்பு. வருஷத்தில் ஒரு முகாம். நான் சிவில் டிப்ளமா முடித்து ரயில்பாதைப் பிரிவில் சேர்ந்து மூன்றே வருஷம் ஆகியிருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயசு.

முகாமுக்குப் பயிற்சி கொடுக்க நிரந்தர ராணுவத்திலிருந்து ஒரு சுபேதார் வந்தார். 303 ரைஃபிளின் போல்ட்டைக் கழற்றி மாட்டும் பாடம். நான்கு கட்டங்கள். முதலில் வாயால் விளக்கம். அடுத்தது நமூனா, அதாவது அவரே செய்து காட்டுவது. அடுத்தது நகல், நாங்கள் அவரைப் பார்த்துச் செய்வது. கடைசியில் அப்யாஸ். நாற்பது தடவை, ஐம்பது தடவை. கடைசி நாள் கண்ணைத் துணியால் கட்டிவிட்டார். என் கை தானாகப் போய் வேலையை முடித்தது. நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் படித்ததில் அப்படிக் கையில் ஏறிய பாடம் ஒன்றுகூட இல்லை.

எங்களோடு சேர்ந்த கலாசி ஒருவர் மூன்று நாளும் தப்பாகவே மாட்டினார். நாங்கள் சிரித்தோம். சுபேதார் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போனபின் அவரைத் தனியாக உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைத் தற்செயலாகப் பார்த்தேன். மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் அவரைத்தான் நமூனா காட்டக் கூப்பிட்டார். அன்றைக்கு அந்தக் கலாசி நின்ற நிமிர்வு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ரயில்வேயிலும் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தது ஒரு கேங்மேட்தான். தண்டவாளத்தின் மேல் ஒரு கண்ணை வைத்துக் குனிந்து பார்த்து, "அங்கே, பதினோராவது ஸ்லீப்பர் கிட்டே இறங்கியிருக்கு" என்பார். கருவியை வைத்து அளந்தால் இறங்கியிருக்கும். நான் அதிகாரி, அவர் தொழிலாளி. ஆனால் அவர் இல்லாவிட்டால் நான் வெறும் ஏட்டுச் சுரைக்காய். ஒரு பெரிய ஸ்தாபனத்தின் அறிவு அதன் விதிப்புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. மீதி, நடுப்படியில் நிற்கிற இந்த மனிதர்களின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

சான்றுக்குச் சிலர்

தலைமை என்பதற்கும் இவர்களிடம் சான்று உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் நம் தமிழ்நாட்டுக்காரர். 1944 பிப்ரவரியில், இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் தன் ஆட்களோடு கண்ணிவெடி நிலத்தில் வழி ஏற்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு வெடி மிதிபட்டுவிட்டது. வெடிப்பதற்கு முன் இருந்த சில விநாடிகளில் அதன்மேல் தானே பாய்ந்து விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் பிழைக்கவில்லை. மரணத்துக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. தன்னிடம் தொழில் கற்றவனைத் தன் உடம்பால் மறைத்தவருக்கு எந்தப் பட்டம் ஈடு?

நம் ஜபல்பூருக்கே வருவோம். காலை நடைக்குப் போகிறவர்கள் வரிசையாக ஓடும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கிரனேடியர்ஸ் பிரிவுக்கும் ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸ் பிரிவுக்கும் பயிற்சி மையங்கள் இந்த ஊரில்தான். 1999 கார்கில் போரில் பரம்வீர் சக்ரா பெற்ற நால்வரில் உயிரோடு திரும்பியவர்கள் இருவர். கிரனேடியர்ஸின் யோகேந்திர சிங் யாதவ் ஒருவர், ஜம்மு காஷ்மீர் ரைஃபிள்ஸின் சஞ்சய் குமார் மற்றவர். இருவரும் அப்போது ஏணியின் அடிப்படியில் இருந்தவர்கள். யாதவுக்கு வயசு 19. டைகர் ஹில்லில் பல குண்டுகள் பாய்ந்த உடம்போடு போரிட்டவர். பிறகு படிப்படியாக ஏறி, சுபேதார் மேஜராகி, கௌரவ கேப்டன் பட்டத்தோடு 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றார். சஞ்சய் குமார் ராணுவத்தில் சேரும் முன் டில்லியில் டாக்சி ஓட்டியவர். அவரும் சுபேதார் மேஜரானார். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாதமியில் பயிற்றுநராகவும் இருந்தார். நம் வீட்டுப் பிள்ளைகள் நுழையத் தவம் கிடக்கும் அந்த அகாதமியில், டாக்சி ஓட்டிய கை பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

மதிப்பு எங்கே குறைகிறது?

இப்படிப்பட்டவர்களை நாடு எப்படி நடத்துகிறது? ஏழாவது சம்பளக் குழுவின்படி ராணுவ சேவைச் சம்பளம் என்று ஒரு தொகை உண்டு. போர்க்களக் கஷ்டத்துக்காகக் கொடுப்பது. அதிகாரிகளுக்கு மாதம் 15,500 ரூபாய். சிப்பாய்க்கு 5,200. சுபேதாருக்கு? அவருக்கும் 5,200தான். நேற்றுச் சேர்ந்த சிப்பாயும் முப்பது வருஷம் நின்ற சுபேதார் மேஜரும் இந்தக் கணக்கில் ஒன்று. ஜே.சி.ஓ.க்களுக்கு இதை 10,000 ரூபாயாக உயர்த்தவேண்டும் என்று ராணுவம் கேட்டது. 2018 டிசம்பரில் நிதி அமைச்சகம் மறுத்துவிட்டது. முப்படைகளிலும் சேர்த்து சுமார் 1.12 லட்சம் பேருக்குக் கிடைக்க இருந்தது. எனக்குப் பணத்தைவிட அதில் தெரியும் மனப்பான்மைதான் உறுத்துகிறது. கமிஷன் பெற்ற அதிகாரி என்று பெயர் கொடுத்து, கணக்கு எழுதும்போது மட்டும் கீழே தள்ளிவிடுவது என்ன நியாயம்?

அமெரிக்காவைப் பாருங்கள். எல்லாவற்றிலும் அவர்களைப் பின்பற்றச் சொல்கிறவன் நான் இல்லை. ஆனால் நல்லது எங்கிருந்தாலும் நல்லதுதான். அங்கே 1972-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிளிஸ் என்ற இடத்தில் சார்ஜன்ட் மேஜர்களுக்கென்றே ஓர் அகாதமி தொடங்கினார்கள். சார்ஜன்ட் மேஜர் என்பவர் நம் சுபேதார் மேஜர் போல அடிப்படியிலிருந்து ஏறி வந்தவர். அந்த அகாதமிக்கு முதல் 37 வருஷம் கர்னல்கள்தான் தலைவர்கள். 2009-ல் ரேமண்ட் சாண்ட்லர் என்ற சார்ஜன்ட் மேஜரிடமே தலைமையைக் கொடுத்தார்கள். அவரே 2011-ல் அமெரிக்கத் தரைப்படையின் தலைமைச் சார்ஜன்ட் மேஜரானார். 2019 முதல் அங்கே படிக்கிறவர்கள் முறையான இளங்கலைப் பட்டமே பெற வழி செய்திருக்கிறார்கள். அனுபவத்தையும் பட்டத்தையும் இரண்டு எதிரிகளாக வைக்காமல் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. சிப்பாயாகச் சேர்ந்தவன் அதிகாரியாவதற்கென்றே ஆர்மி காடெட் காலேஜ் இருக்கிறது. 1960-ல் நம் மத்தியப் பிரதேசத்தின் நௌகாங்கில் தொடங்கியது. பிறகு பூனா போய், 1977-லிருந்து டேராடூனில் நடக்கிறது. மூன்று வருஷம் படித்து, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் வாங்கி, ராணுவ அகாதமியில் ஒரு வருஷம் பயிற்சி முடித்தால் லெப்டினன்ட். அந்தப் பையனின் பெரியப்பாவுக்கு இது தெரிந்திருந்தால் சற்று மெதுவாகப் பேசியிருப்பார்.

ஓய்வுக்குப் பின் நிலைமை இன்னும் மோசம். மெட்ரிக் தேறி 15 வருஷம் பணியாற்றிய ராணுவத்தாரைச் சி பிரிவு வேலைகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. அந்தப் பிரிவில் 10 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் நடப்பில் என்ன பார்க்கிறோம்? பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் திறந்து விடுகிறார்கள். எந்த வேலையும் கேவலமில்லை. ஆனால் நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் பாடம் சொல்லத் தெரிந்தவனை, காரைப் பார்த்துச் சல்யூட் அடிக்க மட்டும் வைத்திருப்பது, எஞ்சினைக் கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தி அதன்மேல் துணி காயப்போடுவது போன்றது.

ஏணியின் கவலை

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருஷம் பணி. அதன்பின் நால்வரில் ஒருவரை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்பது அறிவிப்பின்போது சொன்ன கணக்கு. இளமையான ராணுவம் வேண்டும், பென்ஷன் செலவு கட்டுக்குள் இருக்கவேண்டும் என்ற வாதங்களை நான் தள்ளிவிடவில்லை. நானும் அரசாங்கப் பென்ஷனில் காலம் தள்ளுகிறவன்தான். ஆனால் ஒரு சுபேதார் உருவாக இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எடுக்கும் ஆளில் முக்கால் பங்கு நான்கு வருஷத்தில் வெளியேறினால், மீதி கால் பங்கிலிருந்துதான் நாளைய ஹவில்தாரும் சுபேதாரும் வரவேண்டும். அந்தக் கால் பங்கை எப்படிப் பொறுக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாக ஓடுகிறவனை மட்டும் எடுத்தால் போதாது. பின்தங்கிய தோழனுக்குச் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவனையும் அடையாளம் கண்டு எடுக்கவேண்டும். அந்தக் குணத்துக்கு மார்க் போட ஸ்டாப்வாட்ச் உதவாது.

மறுபக்கம்

நான் ஒருபக்கமாகவே எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். எல்லாச் சுபேதார்களும் உத்தமர்கள் அல்ல. கத்துவதையே கற்பிப்பது என்று நினைப்பவர்களும் உண்டு. கீழே இருப்பவனை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே பேச்சு வந்திருக்கிறது. குடும்பத்தை விட்டுப் பிரிந்திருப்பது சாதாரணக் கஷ்டமில்லை. நம் சுபேதார் மேஜரே சொன்னார்: "என் பொண்ணு பொறந்து ஏழு மாசம் கழிச்சுத்தான் பாத்தேன் சார். என்னைப் பாத்து அழுதா." அவர் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். "அவளுக்கு இப்பவும் அவர் குரல் உசந்தா பயம்தான்" என்றார். இதையெல்லாம் மறைத்து ஒரு பையனை அனுப்புவது பாவம். தெரிந்து போகவேண்டும். ஆனால் தெரிந்து போகிறவனைக் கேலி செய்து நிறுத்துவதும் பாவம்தான்.

நாம் செய்யக்கூடியது

சம்பளக் குழுவை நாம் மாற்ற முடியாது. நம் கூடத்தை மாற்ற முடியும். எனக்குத் தோன்றும் மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒவ்வொரு வெளிமாநிலத் தமிழ்ச் சங்கமும் தன் ஊரில் ஓய்வு பெற்று இருக்கும் சுபேதார்கள், கடற்படையின் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர்கள், விமானப்படையின் வாரண்ட் ஆபீசர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்கட்டும். குடியரசு தினத்தன்று அவர்களில் ஒருவர் கொடியேற்றட்டும். பெரிய பதவிக்காரர்களைத் தேடி அலைய வேண்டாம்.

இரண்டு, விடுமுறையில் நம் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பும் தமிழ் வகுப்பும் நடத்துகிறோம். அதோடு பத்து நாள் இவர்களிடம் விடுவோம். துப்பாக்கி வேண்டாம். வரைபடம் படிப்பது, முதலுதவி, நாலு பேரைச் சேர்த்து ஒரு வேலையை முடிப்பது, சொன்ன நேரத்துக்கு வருவது. என்.சி.சி.யில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ருசி தெரியும். அங்கே பயிற்சி கொடுக்க வருகிறவர்களும் ராணுவத்தின் ஹவில்தார்களும் சுபேதார்களும்தான்.

மூன்று, நம்மில் பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்கள், தொழிற்பயிற்சி நிலையங்களோடு தொடர்புள்ளவர்கள் சிலர் உண்டு. பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, பத்து வருஷம் பயிற்சி மையத்தில் கற்பித்தவரின் விண்ணப்பத்தை, பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

கடைசியாக, அந்தப் பையனைப் பற்றி. போன மாதம் அவன் அம்மா கடைத்தெருவில் என்னைப் பார்த்தார். "உங்களாலதான் அங்கிள், தினம் விடியக்காலம் எழுந்து அந்தச் சுபேதார் மாமா கூட ஓடறான்" என்று பாதி புகாராகச் சொன்னார். நான் அந்தப் பையனுக்கு ஒன்றும் சொல்லவில்லை, சுபேதார் வீட்டு விலாசத்தைத் தவிர. அவன் என்.டி.ஏ. போவானா, சிப்பாயாவானா, மனசு மாறி வேறு படிப்புக்குப் போவானா, எனக்குத் தெரியாது. "வேறே ஏதாவது சொல்லித் தர்றாரா?" என்று கேட்டேன்.

"மேப் பாக்க, திசை கண்டுபிடிக்க... கணக்குல வீக்கா இருக்கான்னு அதுவும் சேத்துப் போட்டுக் கொடுக்கறார். ட்யூஷன்ல புரியாதது இவர்கிட்ட புரியுதாம்" என்றார். பிறகு ஏதோ யோசித்து, "அன்னிக்கு அவர் அங்கே உக்காந்திருந்தது எங்க யாருக்குமே தெரியலை அங்கிள்" என்றார்.

தெரியாமல் இருந்ததுதான் நம் குறை. இனி தெரிந்துகொள்வோம்.